மினி மோட்டார்

மினோட்டார் என்று பலகையில் எழுதினேன்.
மினி மோட்டார் என்று வாசித்தான் ஆன்றோ.
அதன் பிறகு அந்தப் பெயரைத் திருத்த
என்னால் முடியவில்லை.

குலசேகரம் நூலகத்தின் பின்கதவைத் திறந்தால் ரப்பர்.
மே மாத விடுமுறைக்குப் பதினொரு பிள்ளைகள்,
ஒரு கட்டு அட்டை, இரண்டு டப்பா பசை,
என் நோட்டில் நிமிடக் கணக்கோடு திட்டம்:
முகமூடி நாற்பது, வாள் இருபது,
சண்டை ஐந்து.

முகமூடிக்கு அட்டை வேண்டாம் டீச்சர் என்றாள் ஜெபிஷா.
மறுநாள் ஒரு ரப்பர் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்,
புகை காட்டாதது, ஈரம் போகாதது,
புளித்த மோர் வாடை.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
கொம்புக்குத் தேங்காய்க் கொதும்பு.

எல்லாருக்கும் தீசியஸ் ஆக வேண்டும்.
சீட்டுக் குலுக்கியதில் ஆன்றோ.
முட்டிக்குச் சிரட்டைக் கவசம் கட்டி, வாளோடு
அப்போதே ஜெயித்தவன்போல் நின்றான்.
மினி மோட்டாருக்கு ஒரு கையும் உயரவில்லை.
செஞ்சவதான் போடணும் என்றான் விபின்.
ஜெபிஷா மறுக்கவில்லை.

அரியாட்னே, முபீனா. வேலை, நிற்பதுதான்,
முதல் மரத்தடியில் நூலின் நுனியைப் பிடித்து.
நூலும் ஜெபிஷா கொண்டுவந்ததே:
மழைக்கு மரத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டும் நைலான் சரடு.
அப்பாவுக்குத் திருப்பிக் கொடுக்கணும், வெட்டக்கூடாது
என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான்
தலைக்குள் தலையை நுழைத்தாள்.

புதிர்ப்பாதைக்கு நாங்கள் சுவர் எழுப்பவில்லை.
நேர் வரிசையில் நட்ட மரங்களே போதும்.
எங்கே திரும்பினாலும் அதே மரம்,
அதே சாய்ந்த வடு, அதே சிரட்டை.
ஐம்பதடி போனவனுக்கு
வந்த திசை மறந்துவிடும்.

ஆன்றோ போனான்.
சரடு ஓடியது. நின்றது.
வெகுநேரம் நின்றது.

நோட்டின்படி சண்டை முடிந்து பிஸ்கட் நேரம்.
பேச்சிப்பாறைப் பக்கம் இடி உருண்டது.
முபீனா லேசாக இழுத்துப் பார்த்தாள்.
அந்தப் பக்கம் யாரும் இல்லாத இழுவை.

உள்ளே நடந்ததை ஆன்றோ பிறகு சொன்னான்,
பாதி அழுகை, பாதி பிஸ்கட்.
"சரடு கையில இருந்து நழுவிட்டு டீச்சர்.
அப்பதான் அவ வந்தா.
நான் வாளைத் தூக்குனேன்.
என்னத்துக்குலே வெட்டுக-ன்னு கேட்டா.
கதையில அப்படித்தானே இருக்கு-ன்னேன்.
நான் ஆளைத் தின்னதை நீ கண்டியா-ன்னா."
மென்றதை விழுங்கினான்.
"நான் காணல்ல."

மழை பிடித்தபோதுதான் அவர்களைப் பார்த்தேன்.
முன்னால் காளைத் தலை,
சிக்கு விழாமல் சரட்டை முழங்கையில் சுற்றியபடி.
பின்னால், அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு
தீசியஸ்.
வாள் நனைந்து வாழைத்தோலாய்த் தொங்கியது.

வழி எப்படிப் பிள்ளே தெரிந்தது என்றேன்.
கொம்புகளுக்குக் கீழிருந்து பதில்:
"தெரியாம? லீவுக்கு அப்பாகூட பாலெடுக்க வருவேன்லா.
அந்த வளைஞ்ச மரம் பால் தராது.
இதுல முசிறுக் கூடு. அதுல ஒரு ஆணி."

எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன் அந்தக் கதையை.
அது ஒருத்தர் குடியிருக்கும் இடம் என்று
ஒருமுறையும் சொன்னதில்லை.

தலை துவட்டிக்கொண்டிருந்தவர்களிடம்
அடுத்த வாரம் சிறகு என்றேன்,
மார்த்தாண்டத்திலிருந்து அரைக்கிலோ தேன்மெழுகு
வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன்.
"வெயில்ல உருகும்னா
சாயங்காலமாப் பறந்தாப் போதாதா?" என்றான் விபின்.
நோட்டை மூடி வைத்தேன்.

மறுநாள் விடிய நாலரைக்கு ஃபோன்.
ஜெபிஷாவின் அப்பா நேசையன்,
தலையில் விளக்கோடு பால் வெட்டப் போனவர்,
மூச்சு வாங்கச் சிரித்தார்.
"டீச்சர், உங்க மாடு ஒண்ணு
இங்க ஷீட்டுக்கூட அசையில காயுது.
நல்லா பேடிச்சுப் போனேன்.
ஒரு கொம்பு ஆடுது கேட்டியளா,
அந்தச் சரட்டுலயே
கொஞ்சம் வெட்டிக் கட்டித் தாறேன்."